எனக்காக மிளகாய் அரைத்த பெண்

கண்ணு,

உன் வக்கீல் அனுப்பிய பத்திரம் நான்கு நாட்களாக என் மேசை மேல் கிடக்கிறது. மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருக்கிறார், எனக்குக் கண் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. அதில் நான் சத்தியம் செய்து சொல்வதாக எழுதியிருப்பதை நீ படித்துப் பார்த்தாயா? “என் மகனுக்கு மதுப் பழக்கம் அறவே கிடையாது. அன்று காலை இருமலுக்காக நானே அவனுக்கு அரிஷ்டம் கொடுத்தேன். மதியத்துக்கும் ஒரு புட்டியில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன். கருவியில் காட்டியது அந்த மருந்தின் சாராயச் சத்துத்தான்.” இந்த மூன்று பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் உண்மை. காலை ஏழு மணிக்கு ஒரு மூடி அரிஷ்டம் கொடுத்தேன். மற்றதெல்லாம் நீயும் வக்கீலும் சேர்ந்து எழுதியது. எழுத இடம் கொடுத்தது நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உறையை நான் ஒட்டவில்லை. மருமகள் நிர்மலா படித்தாலும் படிக்கட்டும், நாளைக்கு உன் மகள் பெரியவளாகிப் படித்தாலும் படிக்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆனைமலைப் பக்கம் உன் சித்தப்பா தோப்பில் கெடா வெட்டு. முழங்கால் வலி என்று நான் போகவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து நீ போன் செய்தாய். “அம்மா, ஒரு சின்ன ஆக்சிடென்டுங்க. ரோட்டுல போன பொம்பள ஒருத்தி குறுக்க வந்துட்டா. உசுருக்கு ஒண்ணுமில்லைங்க. நீங்க காலைல குடுத்தீங்கல்ல அரிஷ்டம், அத வெச்சு நான் குடிச்சிருக்கேன்னு கேஸ் போடறாங்க.” நான் உன்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக் கூடக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு, போத்தனூரிலிருந்து வாடகைக் கார் வைத்துக்கொண்டு அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. சின்ன வயதுக்காரர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். “உக்காருங்கம்மா. ஊத வெச்சதும் நான்தானுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தம் எடுக்கச் சொன்னதும் நான்தானுங்க. ரிப்போர்ட் வரட்டும், அதுல இல்லைன்னா நானே உங்க ஊட்டுக்கு வந்து மன்னிப்புக் கேக்கறேனுங்க” என்றார். நான் உட்காரவில்லை. “காலைல அரிஷ்டம் குடுத்தது நான். எங்க குடும்பத்துல குடிக்கறவங்க யாரும் கிடையாது. உங்க மெஷின்தான் குடிச்சிருக்கும்” என்றேன். ஸ்டேஷனில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். என் பேச்சுக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நான் நிமிர்ந்து நடந்து வந்தேன்.

எனக்கு என் வார்த்தையின் மேல் ஒரு கர்வம் உண்டு, உனக்குத் தெரியும். கான்வென்டில் பதினோரு வருடம் படித்தவள். உன் அப்பாவின் வார்ப்படப் பட்டறைக்கு வந்த ஆங்கிலக் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதியவள். நான் கையெழுத்துப் போட்ட தாளை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. எங்கள் பள்ளியில் ஒரு சிஸ்டர் இருந்தார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவளை ஒரு பீரியட் நிற்க வைப்பார். அவளுக்காக அப்பா பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளை நாள் முழுக்க நிற்க வைப்பார். அது அநியாயம் என்று அப்போது நினைத்தேன். நீ ஏழாம் வகுப்புப் படித்தபோது மாதாந்திரப் பரீட்சைக்குப் போகாமல் கிரிக்கெட் ஆடப் போய்விட்டாய். பள்ளியிலிருந்து கேட்டபோது, உனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று என் அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, “இந்தக் கையெழுத்தைப் பார்த்து நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும்” என்று சொன்னதாக நீ வந்து சொன்னாய். நாம் இருவரும் சிரித்தோம். உனக்கு அன்று பன்னிரண்டு வயது. அம்மா கையெழுத்துப் போட்டால் எதுவும் நடக்கும் என்று நீ அன்றே தெரிந்துகொண்டாய்.

நான் உன்னைக் காப்பாற்றிய இரண்டாவது முறை, உன் அப்பா போன மறு வருடம். அவிநாசி சாலையில் ஒரு சாயங்காலம் உன்னை நிறுத்தி ஊதச் சொன்னார்கள். கருவி கத்தியது. நீ எனக்கு போன் செய்தாய், நான் உன் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவருக்குச் செய்தேன். அரை மணி நேரத்தில் நீ வீட்டுக்கு வந்துவிட்டாய். கேஸ் இல்லை, காகிதம் இல்லை. “இனிமேல் இப்படிச் செய்யாதே” என்று ஒரு வார்த்தை சொன்னேன். ஆனால் என் முகத்தில் நீ என்ன பார்த்திருப்பாய் என்று இப்போது யோசிக்கிறேன். புருஷன் இல்லாவிட்டாலும் என் ஒரு போனுக்கு இந்த ஊரில் மரியாதை இருக்கிறது என்ற சந்தோஷத்தைத்தான் பார்த்திருப்பாய். அதை நான் மறைக்கவும் இல்லை. சட்டத்துக்கு இப்போது நடந்தது முதல் முறை. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும், இது இரண்டாவது முறை என்று. அப்படியிருந்தும் ஸ்டேஷனில் போய் “எங்கள் குடும்பத்தில் குடிக்கிறவர்கள் கிடையாது” என்று சொன்னேன் பார், அதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. பொய் சொல்கிறோம் என்று தெரிந்து நான் சொல்லவில்லை. சொல்லும்போது அது உண்மையாகவே இருந்தது. அவ்வளவு தூரம் பழகிப் போயிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நான் ஆனைமலைக்குப் போனது உனக்குத் தெரியாது. மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைக்கப் போனேன். ஆமாம், நான்தான். அநியாயம் செய்தவர்கள் பெயரைச் சொல்லி மிளகாய் அரைத்து நீதிக் கல்லில் பூசினால் அம்மன் கேட்பாள் என்று நம் சொந்தத்தில் யாராவது சொன்னால், “அப்புறம் கோர்ட் எதற்கு?” என்று கேட்டவள் நான். ஆனால் வக்கீல், “கேஸ் கொஞ்சம் பலமாத்தான் இருக்குதுங்கம்மா, அந்த எஸ்.ஐ. மசிய மாட்டேங்கறான்” என்று சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் பிள்ளை மேல் பொய் வழக்குப் போட்டவனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் போனேன். அந்த எஸ்.ஐ. பெயரை மனதில் வைத்துக்கொண்டு அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அம்மியில் அரைத்து எத்தனை வருடம் ஆயிற்று. குழவி என் கைக்கு அடங்கவில்லை. மிளகாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. பக்கத்து அம்மியில் ஒருத்தி அரைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் தென்னை நார் அறுத்த கோடுகள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“ஏனுங்கம்மா, அப்படித் தள்ளுனா பொழுதுக்கும் அரையாதுங்க. தண்ணி தெளிங்க.”

“பழக்கமில்லைங்க” என்றேன்.

“பாத்தாலே தெரியுதுங்க, மிக்ஸிக் கை. தள்ளி உக்காருங்க, நான் அரைச்சுத் தாரேன். யாருக்குன்னு மட்டும் நீங்க மனசுல நெனச்சுக்கோங்க.” அரைக்க ஆரம்பித்துவிட்டு, “யாருக்குங்க?” என்று அவளே கேட்டாள்.

“ஒரு போலீஸ்காரருக்கு. எம் மகன் மேல பொய்க் கேஸ் போட்டுட்டார்.”

“அட சாமி, போலீஸ்காரனுக்கா! அப்ப இன்னும் நாலு மொளகா சேத்திப் போடோணுமுங்க. தோலு தடிமனா இருக்கும்” என்று தன் பொட்டலத்திலிருந்து எடுத்துப் போட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

“உனக்கு என்னம்மா பிராது?” என்று கேட்டேன்.

அவள் அரைப்பதை நிறுத்தவில்லை. “எங்கக்கா பழனியம்மாளுக்குங்க. நார் மில்லுல வேல முடிஞ்சு எனக்கு முன்னால ரோட்டோரமா நடந்து வந்துட்டிருந்தா. ரோட்டுல கூட இல்லைங்க, மண்ணுல. கெடா வெட்டுக்கு வந்துபோட்டுப் போன காரு, தூக்கி எறிஞ்சுபோட்டுது. தொடையெலும்பு ரெண்டாப் போச்சுங்க. கம்பி வெச்சிருக்காங்க. இனி மில்லுல நின்னு வேல செய்ய முடியாதுங்கறாங்க. எறங்கி வந்தவனுக்கு நிக்கக் கால் இல்லைங்க. கார் கதவப் புடிச்சுட்டு நிக்கறான். பத்தடி தள்ளி நின்ன எனக்கே பிராந்தி வாசம் அடிச்சுதுங்க.”

கண்ணு, அந்த நேரத்தில் கூட எனக்குப் புரியவில்லை. புரியக்கூடாது என்று மனது பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. “அந்தக் காரோட்டினவனுக்கா அரைக்கிறாய்?” என்று கேட்டேன்.

“அவனுக்கு எதுக்குங்க? அவன் குடிச்சவன், அவனுக்குப் புத்தி எங்க இருந்துச்சு. அவிங்கம்மாளுக்கு அரைக்கறேன். போத்தனூர்க்காரியாமா. பெரிய எடமாமா, இங்கிலீசெல்லாம் படிச்சவளாமா. ஸ்டேஷனுக்கே வந்து, நான் மருந்து குடுத்தேன், எம் மகன் குடிக்கவே மாட்டான்னு சத்தம் போட்டுப்போட்டுப் போனாளாமா. படிச்ச பொம்பள சொன்னா கோர்ட்டுல நம்பீருவாங்களாமா. குடிச்சுப்போட்டு வண்டி ஓட்டுனவன மன்னிச்சுப் போடலாமுங்க. குடிக்காம தெளிவா உக்காந்து பொய் சொல்றா பாருங்க, அவளத்தான் மாசாணியம்மா பாக்கோணும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க எந்த ஊருங்க?” என்றாள்.

“திருப்பூர்” என்றேன்.

யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகச் சொன்னது. மாசாணியம்மன் முன்னால், எனக்காக மிளகாய் அரைத்துக் கொடுக்கிறவளிடம். அவள் இரண்டு அம்மியிலும் அரைத்து முடித்தாள். எனக்குரியதை வழித்து ஒரு இலையில் வைத்து என் உள்ளங்கையில் கொடுத்தாள். “பொய்ப் பிராதா இருந்தா அரைச்சவிங்களுக்கே திரும்புமுங்க. நமக்கென்ன பயம், நாமதான் நியாயத்துக்கு வந்திருக்கறோம். வாங்க, போயிப் பூசலாம்” என்று என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். முழங்கால் வலிக்கிறது, நீ முன்னால் போ என்றேன். அவள் போய், எனக்கு எதிராகத் தான் அரைத்ததைப் பூசிவிட்டுத் திரும்பி வந்தாள். என் கையில் இருந்தது அப்படியே இருந்தது. இலை கிழிந்து மிளகாய் தோலில் பட்டு எரிய ஆரம்பித்திருந்தது. அவள் தன் பையிலிருந்து சின்னச் சீசாவை எடுத்து, “பழகாத கை, ராத்திரிக்கெல்லாம் எரியும், தேச்சுக்கோங்க” என்று தேங்காய் எண்ணெயை என் விரல்களில் அவளே தடவிவிட்டாள். போகும்போது தன் பெயர் சரசு என்று சொன்னாள். நான் என் பெயரைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நிர்மலாவைக் கூப்பிட்டேன். “அன்றைக்கு நீயும் குழந்தையும் ஏன் அவன் காரில் வராமல் உன் அண்ணன் காரில் வந்தீர்கள்?” என்று கேட்டேன். கேட்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. “அத்தை, அவர் கார் சாவிய எடுத்தப்ப நான் புடுங்கப் பாத்தேனுங்க. எல்லாரு முன்னாலயும் கைய ஒதறிட்டார். கொழந்தைய நான் ஏத்த மாட்டேன்னு சொன்னேன். இத அன்னிக்கே சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களாங்க?” என்றாள். நம்பியிருக்க மாட்டேன். உன் மனைவியைத்தான் குறை சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நம் டாக்டரிடம் கேட்டேன். காலை ஏழு மணிக்குக் குடித்த ஒரு மூடி அரிஷ்டம் மதியம் மூன்று மணிக்கு ரத்தத்தில் இருக்காது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு வக்கீலிடம் அந்த ரத்த ரிப்போர்ட்டைக் கேட்டேன். “அதெல்லாம் எதுக்குங்கம்மா, பாத்தா மனசு சங்கடம்” என்றார். நான் விடவில்லை. நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் வரை சட்டம் பொறுக்கும். உன்னுடையது அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அந்த எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறையும், துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அது என் பிள்ளையின் ரத்தம். நான் அதைப் பார்த்துப் பயந்தேன்.

தப்பிக்கும் வழிகளை வக்கீல் உனக்குச் சொல்லியிருப்பார். தப்பிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் அவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். குடித்து ஓட்டியதற்கு முதல் முறையென்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் இரண்டு வருடம் வரை. கண்மூடித்தனமாக ஓட்டி ஒருவரின் எலும்பை உடைத்ததற்குத் தனியாக மூன்று வருடம் வரை. லைசென்ஸ் போகும், கொஞ்ச காலத்துக்கோ மொத்தமாகவோ. பழனியம்மாளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தாலும், ஓட்டியவன் குடித்திருந்தான் என்று சொல்லி உன்னிடம் திருப்பிக் கேட்கலாம். பட்டறை வியாபாரத்துக்காகப் பம்புக் கண்காட்சிக்கு வெளிநாடு போக விசா எழுதும்போது, குற்ற வழக்கு உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று எழுத வேண்டும். சிறைக்கு அனுப்புவார்களா, அபராதத்தோடு விடுவார்களா என்று கேட்டேன். “அது ஜட்ஜ் கையிலீங்க” என்றார். ஆகவே நீ சிறைக்குப் போக மாட்டாய் என்று நான் உனக்கு ஆறுதல் சொல்லப் போவதில்லை. போகலாம். அப்புறம் நான் கேட்காமலே ஒன்று சொன்னார், குரலைத் தாழ்த்திக்கொண்டு: பொய் என்று தெரிந்தே கோர்ட்டில் சத்தியம் செய்தால் ஏழு வருடம் வரை உண்டு. “உங்க வயசுக்கு அப்படியெல்லாம் யாரும் செய்ய மாட்டாங்கம்மா.” என் வயதுக்காக அந்தப் பென்சில் குறி போட்ட இடத்தில் நான் கையெழுத்துப் போடாமல் இருக்கிறேன் என்று நினைத்துவிடாதே.

உன் அப்பா உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், நீ ஒரு கோழியை அடிக்கப் பார்த்தாய். அப்பா திட்டவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, உன்னை இறக்கி, அந்தக் கோழி நின்ற மண்ணிலேயே நிற்கச் சொன்னார். பின்னால் வெகு தூரம் போய், நாற்பது வேகத்தில் உன்னை ஒட்டி ஓட்டிக்கொண்டு போனார். நீ முகம் வெளுத்துப் போய் நின்றாய். “இப்பத் தெரியுதா சாமி, நாப்பதுன்னா எவ்வளவுன்னு? உள்ள உக்காந்து பாத்தா தெரியாது” என்றார். பையனை இப்படியா பயமுறுத்துவது என்று நான் அன்று அவரோடு பேசவே இல்லை. அன்றைக்கும் நான் உன் பக்கம்தான். பழனியம்மாளும் மண்ணில்தான் நின்றிருந்தாள்.

பத்திரத்தை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பென்சில் குறியை மட்டும் ரப்பரால் அழித்துவிட்டேன். வக்கீலுக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். “அம்மா, பெத்த பையனுங்க” என்றார். “அதனால்தான்” என்றேன். என்னைக் கூண்டில் ஏற்றினால் காலையில் கொடுத்தது ஒரு மூடி என்று மட்டும்தான் சொல்வேன். அந்த எஸ்.ஐ.க்கும் ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அவர் என் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, நான்தான் கேட்க வேண்டும் என்று. என்ன தண்டனை வந்தாலும் உனக்குச் சோறு கொண்டு வருவேன், உன் மகளைப் பார்த்துக்கொள்வேன், பட்டறைக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவேன். பொய் மட்டும் சொல்ல மாட்டேன். நீ கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கவும் மாட்டேன். உனக்கு எழுதிக் கொடுத்ததுதான் இத்தனைக்கும் ஆரம்பம்.

வழக்கு செவ்வாய்க்கிழமை. சரசு வருவாள். தூரத்தில் என்னைப் பார்த்ததும், “ஏனுங்க திருப்பூரம்மா, உங்க கேஸும் இங்கதானுங்களா?” என்று சிரித்துக்கொண்டு வருவாள். அதற்கு முன்னால் நான் யார் என்று அவளிடம் நானே சொல்லியாக வேண்டும். அவள் என்ன கேட்டாலும் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். வருகிற ஞாயிறு காலை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். ஊர்ப் பெயரை ஸ்டேஷனுக்கு போன் செய்து கேட்டு வாங்கியிருக்கிறேன். வாடகைக் கார் வேண்டாம், பஸ்ஸில் போகிறேன். லைசென்ஸை ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டதால் உனக்கும் இப்போது வண்டி ஓட்ட வழியில்லை. எட்டரை மணிக்கு உக்கடம் பஸ் ஸ்டாண்டில், பொள்ளாச்சி பஸ் நிற்கிற இடத்தில் இருப்பேன். உனக்காக ஒரு பஸ்ஸை விடுவேன். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

விரல் இன்னும் லேசாக எரிகிறது. எண்ணெய் மேல் எண்ணெய் தடவியும் போகவில்லை.

உன் அம்மா